உதவித்தொகை: எதற்கு விண்ணப்பிப்பது, எதற்காகப் போராடுவது?

(மாணவர் அரங்க ஊழியர்களுக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாட்களில் கிளைத் தோழர்களைத் தேடி ஒரு கேள்வி வருகிறது. கட்டுமானத் தொழிலாளி ஒருவரின் மகள் நல்ல மதிப்பெண் பெற்றிருக்கிறார்; அவர் எந்த உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வேண்டும்? “கல்வி உரிமையாக வேண்டும், உதவித்தொகை தீர்வாகாது” என்று மட்டும் சொல்லி அனுப்பினால் அதில் கொள்கைப் பிழை இல்லை. ஆனால் அந்த மாணவி ஓராண்டுத் தொகையை இழந்துவிடுவார். எனவே இரண்டு பணிகளும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

உதவித்தொகைகளை மூன்றாகப் பிரித்துப் பார்ப்பது பயன் தரும். முதலாவது, வரையறைக்குள் வரும் அனைவருக்கும் சேர வேண்டியவை. பட்டியல் சாதி மாணவர்களுக்கான பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய உதவித்தொகை இவ்வகையைச் சேர்ந்தது. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டாயக் கட்டணங்களும் பராமரிப்புத் தொகையும் கிடைக்கும். இங்கே போட்டி இல்லை, உரிமை இருக்கிறது.

இரண்டாவது, எண்ணிக்கைக்கு உட்பட்டு மதிப்பெண் அடிப்படையில் வழங்கப்படுபவை. கல்லூரி மாணவர்களுக்கான ஒன்றிய அரசின் திட்டத்தில் ஆண்டுக்கு 82,000 புதிய இடங்கள் உள்ளன. அவற்றில் பாதி மாணவியருக்கு. தம் பாடப்பிரிவில் தேர்ச்சி பெற்றவர்களுள் முதல் 20 விழுக்காட்டுக்குள் வர வேண்டும். குடும்ப வருமானம் 4.5 லட்சத்தைத் தாண்டக் கூடாது. இளநிலைப் படிப்புக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய். அடிப்படை அறிவியல் பயில்வோருக்கான இன்ஸ்பயர் திட்டத்தில் ஆண்டுக்கு 80,000 ரூபாய். அதில் 20,000 ஆய்வுப் பணிக்கு உரியது. இதற்குத் தேர்வு வாரியத்தின் முதல் 1 விழுக்காட்டுக்குள் இடம்பெற வேண்டும். தொழில்நுட்பக் கல்வி பயிலும் மாணவியருக்கான பிரகதி திட்டம் ஆண்டுக்கு 50,000 ரூபாய் வழங்குகிறது.

மூன்றாவது, பயிற்சி மையங்களும் தனியார் பல்கலைக்கழகங்களும் நடத்தும் ‘உதவித்தொகைத் தேர்வுகள்’. இவற்றுள் பல, உயர்த்தி வைத்த கட்டணத்தில் ஒரு பகுதியைக் குறைத்துக் காட்டும் விளம்பரங்களே. இரண்டாம் ஆண்டில் குறிப்பிட்ட மதிப்பெண் இல்லையென்றால் சலுகை போய்விடும். முழுக் கட்டணமும் குடும்பத்தின் தலையில் விழும். சேர்வதற்கு முன்பே புதுப்பித்தல் நிபந்தனையை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்.

எனவே வரிசை தெளிவு. உரிமையாக உள்ளதற்கு முதலில், மதிப்பெண் பட்டியலுக்கு அடுத்து, தனியார் தேர்வுக்குக் கடைசியில். ஆனால் எல்லாவற்றையும் சேர்த்துப் பெற இயலாது. 12,000 ரூபாய்த் திட்டத்தின் விதிப்படி, வேறு அரசு உதவித்தொகையோ கட்டண ஈடோ பெறுபவருக்கு அது கிடைக்காது. ஆகவே கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டும். சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் சேரும் பட்டியல் சாதி மாணவர் கட்டணத்தை ஈடுசெய்யும் திட்டத்தை விட்டு 12,000 ரூபாயைத் தேடுவது இழப்பாகும். அந்தக் கட்டுமானத் தொழிலாளியின் மகள் இயற்பியல் எடுத்து முதல் 1 விழுக்காட்டுக்குள் வந்திருந்தால் இன்ஸ்பயர். அதற்குக் கீழே, முதல் 20 விழுக்காட்டுக்குள் இருந்தால் 12,000 ரூபாய்த் திட்டம்.

விண்ணப்பித்ததோடு வேலை முடிவதில்லை. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் பதிவான விண்ணப்பத்தைக் கல்லூரி சரிபார்த்து அனுப்பாவிட்டால் அது அங்கேயே முடங்கிவிடும். வருமானச் சான்றிதழ், ஆதாருடன் இணைந்த வங்கிக் கணக்கு ஆகியவை முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். 12,000 ரூபாய்த் திட்டத்தில் அடுத்த ஆண்டும் தொகை தொடர 50 விழுக்காடு மதிப்பெண்ணும் 75 விழுக்காடு வருகைப்பதிவும் தேவை. படித்துக்கொண்டே வேலைக்குச் செல்லும் மாணவர்கள் தடுமாறுவது இந்த வருகைப்பதிவில்தான்.

தோழர்களே! இந்தக் கணக்குகளே அரசின் கொள்கையை அம்பலப்படுத்துகின்றன. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதுவோர் ஒரு கோடிக்கும் மேல், இடங்களோ 82,000. நூற்றில் ஒருவருக்குக்கூட இல்லை. கிடைப்பதும் மாதம் 1,000 ரூபாய்தான். இது பல நகரங்களில் விடுதி உணவுக்கே போதாது. 2.5 லட்சம் வருமான வரம்பு என்பது மாதம் 21,000 ரூபாய்க்கும் குறைவு. கணவனும் மனைவியும் கூலி வேலைக்குச் சென்றாலே பல குடும்பங்கள் அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். 1963இல் தொடங்கிய தேசியத் திறனறித் தேர்வு 2021க்குப் பின் நிறுத்தப்பட்டது. இளம் அறிவியல் மாணவர்களுக்கான கே.வி.பி.ஒய். தேர்வு 2022இல் கைவிடப்பட்டது. சிறுபான்மையின ஆய்வு மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகையும் அதே ஆண்டில் முடிவுக்கு வந்தது. ‘தகுதி’ பற்றி ஓயாது பேசும் அரசே தகுதிக்கான வாசல்களை ஒவ்வொன்றாக மூடுகிறது.

எனவே ஒவ்வொரு கிளையும் தேர்வு முடிவு வெளியாகும் வாரத்திலேயே உதவி மையம் ஒன்றைத் தொடங்க வேண்டும். எத்தனை பேர் விண்ணப்பித்தனர், எத்தனை பேருக்குக் கிடைத்தது, எவருக்கு எக்காரணத்தால் மறுக்கப்பட்டது என்ற பதிவேடு அங்கே இருக்க வேண்டும். வருமான வரம்பை உயர்த்து, தொகையை விலைவாசியுடன் இணை, நிறுத்திய திட்டங்களை மீண்டும் தொடங்கு என்ற முழக்கங்களுக்கு அந்தப் பதிவேடே வலுச்சேர்க்கும். விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்த தோழரை அந்தக் குடும்பம் மறவாது. நிராகரிக்கப்பட்ட விண்ணப்பத்தோடு அவர் மாவட்ட ஆட்சியர் அலுவலக வாசலில் நிற்கும்போது, அக்குடும்பமும் உடன் நிற்கும்.