நீலப் புள்ளி பொய் சொன்னா என்ன ஆகும்?

இன்னைக்கு எபிசோட், நம்ம எல்லார் போன்லயும் இருக்கிற அந்த நீலப் புள்ளியைப் பத்தி. மேப்பைத் திறந்ததும் "நீ இங்கதான் இருக்கே"ன்னு காட்டுமே, அதேதான். அது சொல்றதை நாம யாரும் சந்தேகப்படறதில்ல. ஆனா வெளியில இருந்து ஒருத்தர் அதை ஊமையாக்கலாம், பொய் சொல்லவும் வைக்கலாம். முதலாவது ஜாமிங், ரெண்டாவது ஸ்பூஃபிங்.

முதல்ல அடிப்படை. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்துல சுத்துது. ஒவ்வொண்ணும் ஓயாம சொல்றது ரெண்டே விஷயம்: நான் இருக்கிற இடம் இது, இப்ப நேரம் இது. அந்தச் செய்தி வந்துசேர எவ்வளவு நேரம் ஆச்சுன்னு கணக்குப் போட்டுத்தான் உங்க போன் தன்னோட இடத்தைக் கண்டுபிடிக்குது. அதுக்குக் குறைஞ்சது நாலு செயற்கைக்கோள் வேணும். நேரத்துல ஒரு மைக்ரோ செகண்ட் தப்பினா தூரத்துல 300 மீட்டர் தப்பும்.

அவ்வளவு தூரம் பயணம் பண்ணி வர்றதால சிக்னல் ரொம்ப மெலிஞ்சுடுது. சுத்தியிருக்கிற ரேடியோ இரைச்சலை விடவும் அது பலவீனம். கோயில் திருவிழாவில தெருக்கோடியில நின்னு ஒருத்தர் உங்க காதுக்கு ரகசியம் பேசற மாதிரி வச்சுக்கோங்க. பக்கத்துல ஸ்பீக்கர் செட்டைப் போட்டா எதுவும் கேக்காது. அதான் ஜாமிங். அவர் குரல்லயே ஒரு மிமிக்ரி கலைஞர் பக்கத்துல நின்னு கொஞ்சம் சத்தமா வேற எதையோ சொன்னா, நீங்க அதை நம்பிடுவீங்க. அதான் ஸ்பூஃபிங்.

ஜாமிங்குக்கு எனக்குப் பிடிச்ச உதாரணம் அமெரிக்காவில நடந்தது. 2012-ல நியூவார்க் விமான நிலையத்துல, விமானம் தரையிறங்க உதவற ஒரு ஜிபிஎஸ் சார்ந்த அமைப்புல இடைஞ்சல் வந்துச்சு. தேடிப் போனா, பக்கத்து ரோட்டுல ஒரு கம்பெனி டிரக். ஓட்டினவர் தான் எங்க போறோம்னு முதலாளிக்குத் தெரியக்கூடாதுன்னு ஒரு குட்டி ஜாமரை வண்டியில வச்சிருந்தார். அவ்வளவுதான் காரணம்! 31,875 டாலர் அபராதம்னு நோட்டீஸ் வந்துச்சு. முதலாளி கண்ணுல மண்ணைத் தூவப் போய், ஏர்போர்ட் கண்ணுலயும் மண்ணு விழுந்துடுச்சு.

ஸ்பூஃபிங் இதைவிட நுணுக்கமானது. 2013-ல டெக்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் டாட் ஹம்ஃப்ரீஸ் குழு, முன்கூட்டியே அனுமதி வாங்கிட்டு, மத்தியதரைக் கடல்ல 65 மீட்டர் நீளமுள்ள ஒரு சொகுசுக் கப்பல்ல சோதனை பண்ணாங்க. பொய் சிக்னலை முதல்ல மெதுவாக் கலந்து, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா விலக்கினாங்க. எந்த அலாரமும் அடிக்கல. திரையில கப்பல் நேர்கோட்டுல போகுது. ஆனா கப்பல் நிஜத்துல திரும்பிக்கிட்டு இருந்துச்சு.

இது ஏன் சாத்தியம்? நான் பேக்எண்ட் வேலை பார்க்கிறவன். வர்ற ரிக்வெஸ்ட்ல டோக்கன் இல்லேன்னா நாங்க கதவையே திறக்க மாட்டோம். 1970-கள்ல வடிவமைச்ச பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னல்ல அனுப்பினவர் யாருங்கிறதுக்கு ஒரு அத்தாட்சியும் கிடையாது. சிக்னல் எப்படி இருக்கணும்ங்கிறது பொதுவில இருக்கிற ஆவணம். யாரு வேணா அதே மாதிரி பேசலாம். ராணுவ சிக்னலுக்கு மட்டும் மறைகுறியாக்கம் உண்டு.

சரி, இதனால யாருக்கு என்ன நஷ்டம்? விமானத்துல தரை எச்சரிக்கைக் கருவின்னு ஒண்ணு இருக்கு. மலையில மோதப் போறோம்னா "மேலே ஏத்து"ன்னு கத்தும். அது ஜிபிஎஸ் சொல்ற இடத்தையும், தன்கிட்ட இருக்கிற நில வரைபடத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும். போர் நடக்கிற பகுதிகள் பக்கம் பறக்கும்போது இடம் பொய்யாகுது. நடுவானத்துல, கீழ ஒண்ணுமே இல்லாதப்போ கருவி கத்துது. பைலட்டுங்க அதை அலட்சியப்படுத்தப் பழகிடறாங்க. பல உயிர்களைக் காப்பாத்தின கருவி அது. ஒருநாள் அது நிஜமாவே கத்தும். அப்போ நம்பலேன்னா? என்னைக் கேட்டா ஸ்பூஃபிங்கோட பெரிய சேதம் இதுதான். தப்பான இடத்தைக் காட்டுறதோட நிக்காம, சரியான எச்சரிக்கை மேல இருக்கிற நம்பிக்கையையும் அது அரிச்சுடுது.

இது எங்கயோ நடக்கிற கதை இல்ல. 2023 நவம்பர்ல இருந்து 2025 பிப்ரவரி வரைக்கும் எல்லைப் பகுதியில, பெரும்பாலும் அமிர்தசரஸ், ஜம்மு பக்கம், 465 சம்பவங்கள் பதிவாச்சுன்னு மத்திய அரசு நாடாளுமன்றத்துல சொல்லியிருக்கு. 2025 நவம்பர்ல டெல்லியில ஜிபிஎஸ் வழியாத் தரையிறங்க வந்த விமானங்களுக்கும் இதே பிரச்னை. மாற்று வழிமுறையில பத்திரமா இறங்கினாங்க.

அந்த மாற்று வழிதான் முக்கியம். எஸ்டோனியாவில டார்ட்டுன்னு ஒரு ஊர். அங்க தரையிறங்க ஜிபிஎஸ்ஸையே நம்பியிருந்தாங்க. 2024 ஏப்ரல்ல ஃபின்ஏர் விமானங்கள் ரெண்டு இறங்க முடியாம ஹெல்சிங்கிக்கே திரும்பிப் போச்சு. அப்புறம் ஒரு மாசம் சேவையே நிறுத்தம். ஜிபிஎஸ் இல்லாம இறங்க வழி பண்ணதும்தான் மறுபடி வந்தாங்க. தரையில இருக்கிற பழைய ரேடியோ கருவிகளை "காலாவதி"ன்னு கழட்டிப் போடறதுக்கு முன்னாடி யோசிக்கணும்னு சொல்றது இதனாலதான்.

தீர்வும் வந்துக்கிட்டு இருக்கு. ஐரோப்பாவோட கலிலியோ அமைப்பு 2025-ல தன் செய்திகளுக்கு டிஜிட்டல் கையெழுத்து மாதிரி ஒரு அத்தாட்சியைச் சேவையாவே கொண்டு வந்துடுச்சு. செய்தி நிஜமா செயற்கைக்கோள்ல இருந்துதான் வந்துச்சான்னு ரிசீவர் சரிபார்க்கலாம். ஆனா ஜாமிங்கை இது தடுக்காது. கையெழுத்து எவ்வளவு அழகா இருந்தாலும், கடிதமே வந்து சேரலேன்னா என்ன பண்றது?

கடைசியா ரெண்டு விஷயம். ஆன்லைன்ல ஜிபிஎஸ் ஜாமர் கண்ணுல பட்டா வாங்காதீங்க. அரசு அனுமதி இல்லாம பயன்படுத்தறது இந்தியாவில சட்டவிரோதம். டெலிவரி, டாக்ஸி, அட்டெண்டன்ஸ்னு லொகேஷனை வச்சு ஆப் எழுதற நண்பர்களே, போன் அனுப்பற இடத்தை உண்மைன்னு எடுத்துக்காதீங்க. ஒருத்தரோட சம்பளத்தைப் பிடிக்கிறதுக்கு முன்னாடி வேற ஒரு சாட்சியையும் கேளுங்க.

அடுத்த எபிசோட்ல பேசுவோம்.