கடுமை எங்கிருந்து வந்தது?
நெதர்லாந்தின் உதவித்தொகை விவகாரமும் அரசின் பொறுப்பும்



கட்டணம் வாங்காமல் எளியவர்களுக்காக வாதாடிய ஒரு வழக்கறிஞரின் நினைவாக இந்தச் சொற்பொழிவு நடக்கிறது. அவர் இருந்திருந்தால் எந்த வழக்கைப் பற்றிக் கேட்க விரும்பியிருப்பார் என்று யோசித்தேன். நெதர்லாந்து அரசு தன் குடிமக்கள் பல்லாயிரம் பேரைப் பொய்க்கணக்கு காட்டியவர்கள் என்று முத்திரை குத்திக் கடனாளிகளாக்கிய கதை நினைவுக்கு வந்தது. பன்னாட்டு நீதிமன்றம் அமர்ந்திருக்கும் தி ஹேக் நகரில்தான் அந்நாட்டின் நாடாளுமன்றமும் அமைச்சகங்களும் இருக்கின்றன. நிர்வாக நேர்மைக்குப் பெயர்பெற்ற அரசு அது. எழுத்து வடிவில் எல்லாம் ஒழுங்காக இருக்கும் ஓர் அரசில் அநீதி எப்படி நடக்கிறது என்பதுதான் என் கவலை.

முதலில் உதவித்தொகை எப்படி வேலை செய்தது என்று சொல்லிவிடுகிறேன். இதைப் புரிந்துகொள்ளாமல் மற்றது எதுவும் விளங்காது. 2005இல் வந்த சட்டங்களின்படி, வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகளைக் காப்பகத்திலோ, வீட்டில் வைத்துக் குழந்தை பார்த்துக்கொள்பவரிடமோ விட்டால், கட்டணத்தின் ஒரு பகுதியை அரசு தரும். வருமானம் மிகக் குறைந்த குடும்பங்களுக்கு 90 விழுக்காட்டுக்கும் மேல்கூடத் தரும். மீதியைப் பெற்றோர் கையிலிருந்து கட்ட வேண்டும். பணத்தை வழங்கும் பொறுப்பு வரித்துறையிடம் விடப்பட்டது. எதிர்பார்க்கும் வருமானத்தையும் காப்பக மணிநேரத்தையும் வைத்து மாதாமாதம் முன்பணம் வரும். ஆண்டு முடிந்தபின் கணக்குப் பார்ப்பார்கள். கூடுதலாக வந்திருந்தால் திருப்பிக் கட்ட வேண்டும்.

சிக்கல் இந்தத் திருப்பிக் கட்டுதலில் இருந்தது. ஒரு தாய் தன் பங்காகச் சில நூறு யூரோ கட்டியதற்கு ரசீது காட்டவில்லை, அல்லது ஒப்பந்தத்தில் ஒரு கையெழுத்து விடுபட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சில நூறை மட்டும் வரித்துறை கழிக்கவில்லை. அந்த ஆண்டின் முழு உதவித்தொகையையும் திருப்பிக் கேட்டது. பல ஆண்டுகளுக்கு இப்படிச் சேர்ந்தால் தொகை பல்லாயிரம் யூரோ ஆகிவிடும். அந்தப் பணமோ ஏற்கெனவே காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. தவணையில் கட்டுகிறேன் என்று கேட்டால், வேண்டுமென்றே செய்தவர் அல்லது பெரும் அலட்சியம் காட்டியவர் என்ற குறிப்பு கோப்பில் இருப்பவருக்குத் தவணை வசதி கிடையாது என்பார்கள். பிறகு வீட்டு வாடகை உதவியிலும் மருத்துவக் காப்பீட்டு உதவியிலும் பிடித்தம் செய்வார்கள். சம்பளத்தில் கை வைப்பார்கள். வீட்டுப் பொருள் ஜப்தி வரை போகும். எந்தக் காகிதம் குறைகிறது என்பதைக்கூடப் பல பெற்றோருக்கு யாரும் சொல்லவில்லை.

இந்தக் கடுமைக்கு அரசியல் பின்னணி உண்டு. 2013 ஏப்ரலில், பல்கேரியாவிலிருந்து ஆட்களை அழைத்துவந்து முகவரி பதிவுசெய்து, உதவித்தொகையை வாங்கிக்கொண்டு திருப்பி அனுப்பும் கும்பல்களைப் பற்றி ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி காட்டியது. நாடாளுமன்றம் கொதித்தது. ஏமாற்றைத் தடுப்பதற்கென்று பிரதமர் மார்க் ருட்டே தலைமையிலேயே அமைச்சர் குழு அமைந்தது. வரித்துறைக்குப் பொறுப்பாயிருந்த இணையமைச்சர் ஃபிரான்ஸ் வேக்கர்ஸ் 2014 ஜனவரியில் பதவி விலகினார். ஏமாற்று குறித்த கவலை நியாயமானதுதான். பொதுப்பணம் திருடப்படுவதைப் பார்த்துக்கொண்டிருக்க எந்த நாடாளுமன்றத்துக்கும் உரிமை இல்லை. ஆனால் அந்தக் கோபத்தின் சுமை போய் இறங்கியது கும்பல்கள் மீது அல்ல. வேலைக்குப் போய்க்கொண்டிருந்த, முகவரி தெரிந்த, தபால் போட்டால் போய்ச் சேரும் குடும்பங்கள் மீது.

வரித்துறைக்குள் ஒரு சிறப்புக் குழு அமைந்தது. இடைத்தரகர்கள் ஏமாற்றுகிறார்கள் என்ற சந்தேகத்தில், குழந்தை பார்த்துக்கொள்பவர்களை ஏற்பாடு செய்து தரும் ஒரு முகமையோடு தொடர்புள்ள எல்லாப் பெற்றோரையும் மொத்தமாகப் பிடிப்பதுதான் அதன் வழிமுறை. 2014இல் ஐந்தோவன் நகரத்து முகமை ஒன்றைச் சேர்ந்த ஏறக்குறைய 300 பெற்றோருக்கு உதவித்தொகை ஒரே நேரத்தில் நின்றது. தனித்தனியாக யாரையும் விசாரிக்கவில்லை. அவர்களுக்காக வழக்காடிய ஏவா கொன்சாலெஸ் பெரெஸ் கேட்ட அடிப்படை ஆவணங்களைக்கூடத் துறை நீண்ட காலம் தரவில்லை. தேசியக் குறைதீர்ப்பாளர் 2017 ஆகஸ்டில் அறிக்கை எழுதி, இந்தப் பெற்றோருக்கு இழப்பீடு தர வேண்டும் என்றார். துறை அசையவில்லை.

இதில் யார் அதிகம் சிக்கினார்கள்? துருக்கி, மொராக்கோ போன்ற நாட்டு வேர்கள் கொண்டவர்கள் பெருமளவில். தற்செயலாக நேர்ந்ததல்ல இது. தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2020 ஜூலையில் வெளியிட்ட அறிக்கையின்படி, ஆபத்தைக் கணிக்கும் கணினி முறையில் விண்ணப்பதாரர் நெதர்லாந்துக் குடிமகனா இல்லையா என்பதும் ஓர் அளவுகோலாக இருந்தது. வைத்திருக்கவே கூடாத இரட்டைக் குடியுரிமைத் தகவல்கள் 14 லட்சம் பேருக்கு 2018 வரை கோப்புகளில் கிடந்தன. ஆணையம் 27.5 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. அரசுத் துறை அரசுக்கே கட்டும் அபராதம் அது. வரித்துறையில் நடந்தது நிறுவனமயமான இனவெறி என்பதை அரசு 2022 மே மாதத்தில்தான் ஒப்புக்கொண்டது.

இனி நான் அதிகம் பேச விரும்பும் இடத்துக்கு வருகிறேன். பலரும் இந்த விவகாரத்தைக் கணினியின் பிழையாகவோ வரி அதிகாரிகளின் மூர்க்கமாகவோ சொல்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. பாதிக்கப்பட்ட பெற்றோர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அந்நாட்டில் இதுபோன்ற நிர்வாக வழக்குகளுக்கு இறுதி மேல்முறையீடு, அரசு ஆலோசனை மன்றத்தின் நீதிப் பிரிவிடம். சட்ட முன்வரைவுகளுக்குக் கருத்துச் சொல்வதும் அதே மன்றத்தின் இன்னொரு பிரிவுதான். ஆண்டுக்கணக்கில் அந்த நீதிப் பிரிவு, சட்டம் இப்படித்தான் சொல்கிறது, முழுத் தொகையையும் திருப்பிக் கட்டித்தான் ஆக வேண்டும், சூழ்நிலையைப் பார்த்துக் குறைக்க எங்களுக்கு இடமில்லை என்று தீர்ப்பளித்து வந்தது. தீர்ப்பு இருக்கிறதே என்றது துறை. சட்டத்தை நாடாளுமன்றம்தானே இயற்றியது என்றது அமைச்சகம்.

2019 அக்டோபர் 23 அன்று அதே நீதிப் பிரிவு நிலையை மாற்றிக்கொண்டது. பெற்றோர் தம் பங்கில் ஒரு பகுதியைக் கட்டியிருந்தால் அந்த அளவுக்கு உதவித்தொகைக்கு உரிமை உண்டு, பாதிப்பை எடைபோட்டுத் தொகையைக் குறைக்கலாம் என்றது. சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை! வாசிப்பு மட்டுமே மாறியது. அப்படியானால் அத்தனை ஆண்டுகளும் அந்தக் கடுமை சட்டத்தின் சொற்களில் மட்டும் இருந்ததா? சட்டத்தை வாசித்தவர்களின் மனத்திலும் அல்லவா இருந்திருக்கிறது! தாம் தவறிவிட்டதாக நீதிப் பிரிவே 2021இல் ஆய்வு செய்து அறிவித்தது. அதன் தலைவர் பெற்றோரிடம் மன்னிப்புக் கேட்டார். அந்த நேர்மையை மதிக்கிறேன். ஆனால் 2019இல் சாத்தியமான வாசிப்பு 2012இல் ஏன் சாத்தியமாகவில்லை என்ற கேள்விக்கு மன்னிப்பு விடையாகாது.

திருக்குறளின் அரசியல் பகுதியில் செங்கோன்மை, கொடுங்கோன்மை, வெருவந்த செய்யாமை ஆகிய மூன்று அதிகாரங்களை அடுத்து வருவது கண்ணோட்டம். குற்றத்தை ஆராயச் சொல்பவரும் யார் பக்கமும் சாயாதே என்பவரும் வள்ளுவரே. இரக்கம் இல்லாதவர் நிலத்துக்குப் பாரம் என்பவரும் அவரே. இவை முரண் அல்ல. ஒவ்வொருவர் வழக்கையும் ஆராய்கிற ஆட்சியில்தான் இரண்டும் சேர்ந்து நிற்க முடியும். ஐந்தோவனில் ஆராய்ச்சியே நடக்கவில்லை. அதனால் நடுநிலையும் இல்லை, இரக்கமும் இல்லை.

உண்மை வெளிவந்தது சிலருடைய பிடிவாதத்தால். ஆளும் கூட்டணியில் இருந்த கிறித்தவ ஜனநாயகக் கட்சியின் பீட்டர் ஓம்ட்ஸிக்ட், எதிர்க்கட்சியான சோசலிஸ்டுக் கட்சியின் ரென்ஸ்கே லைட்டன் இருவரும் கேள்வி மேல் கேள்வி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். த்ரோவ் நாளிதழும் ஆர்டிஎல் தொலைக்காட்சியும் விடாமல் செய்தி வெளியிட்டன. 2019 இறுதியில் பெற்றோர் சிலருக்குத் தங்கள் கோப்புகள் கிடைத்தபோது பக்கம் பக்கமாகக் கறுப்பு மை பூசியிருந்தது. அந்த டிசம்பரில் இணையமைச்சர் மென்னோ ஸ்னெல் விலகினார். இன்னொரு செய்தி என்னை அதிகம் உறுத்துகிறது. வரித்துறையின் சட்ட ஆலோசகர் சாண்ட்ரா பால்மென் 2017 மார்ச்சிலேயே, ஐந்தோவன் வழக்கில் துறை தவறு செய்துவிட்டது, இழப்பீடு தர வேண்டும் என்று மேலதிகாரிகளுக்குக் குறிப்பு எழுதியிருந்தார். அது நாடாளுமன்றத்தின் கைக்கு வர 2020 ஆயிற்று. அந்த அரசுக்குள்ளேயே சரியானதைச் சொன்னவர் இருந்தார் என்பதுதான் இதில் பெரிய வேதனை.

2020 டிசம்பர் 17 அன்று நாடாளுமன்ற விசாரணைக் குழு, முன்னெப்போதும் இல்லாத அநீதி என்ற தலைப்பில் அறிக்கை தந்தது. சட்டமியற்றும் மன்றம், நிர்வாகம், நீதித்துறை மூன்றுமே சட்டத்தின் ஆட்சிக்குரிய அடிப்படைகளை மீறின என்றது. ருட்டே அமைச்சரவை 2021 ஜனவரி 15 அன்று மொத்தமாகப் பதவி விலகியது. உலகப் பத்திரிகைகள் இதைப் பொறுப்பேற்றலுக்கு முன்மாதிரி என்று எழுதின. எனக்கு அந்தப் பாராட்டில் உடன்பாடு இல்லை. தேர்தலுக்கு இரண்டே மாதங்கள் இருந்தன. அதே அமைச்சரவை காபந்து அரசாகத் தொடர்ந்தது. மார்ச் தேர்தலில் ருட்டேயின் கட்சி 34 இடங்களோடு முதலிடம் பிடித்தது. அடுத்த ஜனவரியில் அவரே மீண்டும் பிரதமர் ஆனார். பதவி விலகல் ஓர் அரசியல் சடங்காகவே முடிந்தது.

இடையில் நடந்தது இதைவிட மோசம். ஆட்சி அமைப்புப் பேச்சில் ஈடுபட்டிருந்த ஒருவர் கையிலிருந்த தாள் 2021 மார்ச் 25 அன்று புகைப்படத்தில் பதிவானது. ஓம்ட்ஸிக்ட்டுக்கு வேறிடத்தில் பதவி என்ற பொருளில் அதில் ஒரு வரி. அவரைப் பற்றிப் பேசவே இல்லை என்றார் ருட்டே. பேசியிருந்தார் என்று குறிப்புகள் காட்டின. நினைவு தவறிவிட்டது என்றார். நம்பிக்கையில்லாத் தீர்மானம் தோற்றது, கண்டனத் தீர்மானம் நிறைவேறியது, அவர் பதவியில் இருந்தார். பெற்றோருக்காகக் கேள்வி கேட்டவரை எங்கே நகர்த்தலாம் என்று அப்போதும் யோசித்துக்கொண்டிருந்தவர்கள், விசாரணைக் குழுவின் அறிக்கையைத்தான் என்னவென்று வாசித்தார்கள்?

இழப்பீட்டுக்கு வருவோம். ஒவ்வொரு பாதிக்கப்பட்ட பெற்றோருக்கும் குறைந்தது 30,000 யூரோ என்று 2020 டிசம்பரில் அறிவித்தார்கள். 40,000க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டவர்கள் என்று ஏற்கப்பட்டிருக்கிறார்கள். ஆனால் உண்மையான இழப்பைக் கணக்கிடக் கேட்டவர்கள், தாங்கள் இழந்ததற்கு மறுபடியும் காகிதம் தேட வேண்டியிருந்தது. சம்பள ஜப்தியால் வேலை போனது, மணவாழ்வு முறிந்தது, வீடு போனது, இவற்றுக்கெல்லாம் எந்த ரசீதைக் காட்டுவது? ரசீது இல்லை என்று தண்டித்த அரசு, ஈடு தருவதற்கும் ரசீதுதான் கேட்டது.

குழந்தைகள் விஷயத்தில் நிதானமாகப் பேச வேண்டும். பாதிக்கப்பட்ட குடும்பங்களிலிருந்து 2,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் நீதிமன்ற ஆணையால் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு வேறிடத்தில் வைக்கப்பட்டிருக்கிறார்கள். அவ்வளவு பிள்ளைகளும் இந்த விவகாரத்தால் பிரிந்தார்கள் என்று சொல்வது சரியல்ல. அப்படி ஒரு தொடர்பைத் தரவுகள் காட்டவில்லை என்று அந்நாட்டுப் புள்ளியியல் நிறுவனம் 2022இல் சொன்னது. அதை ஏற்கிறேன். ஆனாலும் அரசே ஏற்றிய கடனில் மூழ்கிய ஒரு தாயின் வீட்டில், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் தகுதி இருக்கிறதா என்று அதே அரசின் இன்னொரு கிளை வந்து சோதித்திருக்கிறது. அந்த ஒவ்வொரு கோப்பையும் தனியாக எடுத்து, கடன் எந்த நாளில் வந்தது, பிள்ளை எந்த நாளில் போனது என்று பார்க்கும் கடமை அரசுக்கு இருக்கிறது. சராசரிகள் அந்தக் கடமையைத் தீர்த்துவைக்காது.

நெதர்லாந்தினர் என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று சிலர் கருதலாம். ஆனால் அநீதியைப் பற்றிக் கருத்துச் சொல்லக் குடியுரிமை தேவையில்லை. அவர்களுடைய அரசியல் சாசனத்தின் 120ஆம் பிரிவு, நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் சாசனத்துக்கு ஒத்ததா என்று நீதிபதிகள் பார்ப்பதைத் தடுக்கிறது. அந்தத் தடை போக வேண்டும் என்பது என் கருத்து. அதைவிட அவசரமானது முன்பணம் தந்து பின்னால் பறிக்கும் முறையையே கைவிடுவது. காப்பகத்துக்கு அரசே நேரடியாகக் கட்டிவிட்டால் பெற்றோர் கடனாளி ஆக வழியே இல்லை. அப்படிச் செய்வதாகப் பல ஆண்டுகளாக வாக்களிக்கிறார்கள். தேதி தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது.

2023இல் ஓம்ட்ஸிக்ட் புதுக் கட்சி தொடங்கி, அந்த நவம்பர் தேர்தலில் 20 இடங்கள் வென்றார். அவர் கட்சியும் சேர்ந்த ஆட்சியில், 2024 டிசம்பரில், உதவித்தொகைப் பாதிப்புகளைச் சீர்செய்யும் பொறுப்பு இணையமைச்சராகச் சாண்ட்ரா பால்மெனிடம் வந்தது. குறிப்பு எழுதி ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. ருட்டே அதற்குள் நேட்டோவின் பொதுச்செயலாளர் ஆகிவிட்டார். 2025 ஏப்ரலில் ஓம்ட்ஸிக்ட் அரசியலை விட்டு விலகினார். அந்த அக்டோபர் தேர்தலில் அவர் தொடங்கிய கட்சி ஓர் இடமும் பெறவில்லை. இழப்பீட்டுக் கணக்கு முடியாத குடும்பங்கள் இன்னும் காத்திருக்கின்றன. அடுத்து வரும் எந்த ஆட்சியையும் நான் அளக்கப்போவது அந்தக் கோப்புகளை அது எத்தனை விரைவாக, எத்தனை கண்ணியமாக முடிக்கிறது என்பதை வைத்துத்தான்.