காட்டுக்காக நின்ன பொண்ணு கவுன்சிலர் ஆன கதை

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



உள்ளாட்சித் தேர்தல் பேச்சு வந்தாலே நம்ம குழுக் கூட்டங்கள்ல ஒரு கேள்வி வரும். ஊர்ல ஒரு இளம்பொண்ணு இருப்பா. குளத்துல குப்பை கொட்டினா தட்டிக் கேட்பா, மரத்தை வெட்டினா மனு எழுதுவா. "இவ வார்டு மெம்பருக்கு நிக்கலாமே"ன்னு ஒருத்தங்க சொன்னா, பத்து பேர் சேர்ந்து, "நல்ல பொண்ணு, அவளுக்கு எதுக்கு அரசியல்?"னு முடிச்சுடுவோம். அந்தக் கேள்விக்குப் பதிலா ஒரு பெண்ணோட வாழ்க்கையை இன்னைக்குச் சொல்லப் போறேன். பேரு மரீனா சில்வா. நாடு பிரேசில்.

ரொம்ப தூரம்னு நினைக்காதீங்க. குலசேகரம் பக்கம் பால்வெட்டப் போற அக்காமார் இங்க இருக்கீங்க. நீங்க தினமும் கத்தி வைக்கிற ரப்பர் மரத்துக்குத் தாய்வீடே பிரேசிலோட அமேசான் காடுதான். 1876ல ஒரு வெள்ளைக்காரர் அங்கேயிருந்து விதையை லண்டனுக்குக் கொண்டு போனார். அங்க முளைச்ச கன்றுகள் இலங்கைக்கும் மலேயாவுக்கும் போச்சு. அதுக்கப்புறம்தான் நம்ம மலையோரத்துக்கும் ரப்பர் வந்தது.

நம்ம ஊர்ல வரிசையா நட்ட தோட்டம். அமேசான்ல அப்படியில்லை. இங்க ஒரு மரம், அங்க ஒரு மரம்னு காட்டுக்குள்ள தானா வளர்ந்து நிக்கும். இருட்டோடவே கிளம்பி, ஒத்தையடிப் பாதையில மரம் மரமா நடந்து பால் எடுக்கணும். காடு இருந்தாத்தான் ரப்பர், ரப்பர் இருந்தாத்தான் அடுப்பு எரியும். அரிசியும் துணியும் முதலாளி கடையில கடனுக்கு வாங்கணும். கணக்கு எழுதுறது அவர். படிக்கத் தெரியாத தொழிலாளி தலையாட்டணும், அவ்வளவுதான். கந்துவட்டி பார்த்த நமக்கு அது புரியாம போகாது.

1958ல ஆக்ரே மாநிலத்துல அப்படி ஒரு பால்வெட்டுக் குடும்பத்துல பிறந்தவங்கதான் மரீனா. அம்மா பெத்தது 11 பிள்ளைகள். தங்கினது 8. மஞ்சள்காமாலை வந்து, 16 வயசுல வைத்தியத்துக்காக ரியோ பிராங்கோ நகரத்துக்கு வந்தப்போ மரீனாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அங்க வீட்டு வேலை பார்த்துக்கிட்டே, முதியோர் கல்வி வகுப்புல எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பிச்சாங்க. பத்து வருஷத்துல, 1984ல, வரலாறு படிச்சு பட்டம் வாங்கிட்டாங்க.

அந்த நேரத்துல காட்டுக்குப் பெரிய ஆபத்து வந்திருந்தது. 1970கள்ல இருந்தே வெளியூர்ப் பணக்காரங்க வந்து நிலத்தை வாங்கி, மாடு மேய்க்கிறதுக்காக மரத்தை அழிச்சாங்க. பால்வெட்டுக்காரங்க குடும்பத்தோட போய் வாள் வெட்டுற இடத்துல கைகோர்த்து நின்னாங்க. பல இடத்துல பெண்களும் பிள்ளைகளும்தான் முன்வரிசை. அந்தப் போராட்டத்துக்குத் தலைமை தாங்கினவங்கள்ல ஒருத்தர் சிக்கோ மென்டிஸ். அவரோட சேர்ந்து மரீனாவும் நின்னாங்க.

இங்கதான் நம்ம கேள்வி வருது. கைகோர்த்து நின்னா இன்னைக்கு இந்த மரம் நிக்கும். நாளைக்கு? வெட்டுறதுக்கு அனுமதி கொடுக்கிற காகிதம், நிலத்துக்குப் பட்டா, ரோட்டுக்கு ஒதுக்குற பணம் எல்லாம் ஆபீஸ்ல முடிவாகுது. அந்த அறைக்குள்ள நம்ம ஆள் யாருமே இல்லேன்னா, ஆயுசு முழுக்க வெளியே நின்னு மறிச்சுக்கிட்டே இருக்கணும். இன்னொண்ணும் கேளுங்க. பிரேசில்ல 1985 வரைக்கும் படிப்பறிவில்லாதவங்களுக்கு ஓட்டே கிடையாது. அந்தக் காட்டுச் சனத்துல முக்கால்வாசிப் பேரு எப்படி இருந்திருப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. ஓட்டு கைக்கு வந்ததும், "இனி நாமளே நிக்கணும்"ங்கிற எண்ணம் வந்ததுல ஆச்சரியமில்லை.

1986ல மரீனா நாடாளுமன்றத் தேர்தல்ல நின்னாங்க. தோத்துட்டாங்க. அதோட விட்டுடலை. 1988 நவம்பர்ல ரியோ பிராங்கோ நகராட்சி கவுன்சிலுக்கு நின்னு ஜெயிச்சாங்க. வயசு 30.

கவுன்சிலர் ஆனதும் என்ன செஞ்சாங்க தெரியுமா? கவுன்சிலர்களுக்குச் சம்பளத்துக்கு மேல சில சலுகைப் பணம் வந்துக்கிட்டிருந்தது. மத்தவங்க கேள்வி கேட்காம வாங்கிக்கிட்டாங்க. மரீனா அந்தப் பணத்தைத் திருப்பிக் கட்டிட்டு, விஷயத்தை ஊருக்கும் சொன்னாங்க. கூட இருந்த கவுன்சிலர்களுக்குக் கோபம். வரிப்பணம் எங்க போகுதுன்னு சனத்துக்குத் தெரிஞ்சது. வார்டு பதவின்னா சின்னதுன்னு நினைக்கிறோம். கணக்கைத் திறந்து காட்டுற அதிகாரம் அங்கதான் ஆரம்பிக்குது.

ஜெயிச்ச அடுத்த மாசமே பேரிடி. 1988 டிசம்பர் 22ம் தேதி சிக்கோ மென்டிஸை அவர் வீட்டு வாசல்லயே சுட்டுக் கொன்னுட்டாங்க. நம்மள்ல யாரா இருந்தாலும், "போதும்மா, வீட்டைப் பாரு"ன்னு தான் சொல்லியிருப்போம். மரீனா பின்வாங்கலை. அங்க இருந்த தொழிலாளிகளும் பின்வாங்கலை. 1990ல அரசாங்கம் சிக்கோ மென்டிஸ் பேர்ல 20 லட்சம் ஏக்கருக்கு மேல காட்டை ஒதுக்கிச்சு. நிலம் அரசாங்கத்துது. பால் வெட்டுற, கொட்டை பொறுக்குற உரிமை அங்கேயே வாழுற குடும்பங்களுக்கு. காட்டை மொட்டையடிக்க முடியாது.

மரீனா அதே வருஷம் மாநில சட்டமன்றத்துக்கும், 1994ல 36 வயசுல செனட்டுக்கும் ஜெயிச்சாங்க. 2003ல சுற்றுச்சூழல் அமைச்சர். 2004ல ஒரே வருஷத்துல அமேசான்ல 27,000 சதுர கிலோமீட்டருக்கு மேல காடு அழிஞ்சது. நம்ம குமரி மாவட்டத்தைப் போல 16 மடங்கு. செயற்கைக்கோள் வச்சுக் கண்காணிச்சு, அபராதம் போட்டு, காடுகளைப் பாதுகாப்புப் பகுதியா அறிவிச்சு, அவங்க பதவியை விட்ட 2008ல அது 13,000க்குக் கீழே வந்துடுச்சு. அழிவு நிக்கலை, ஆனா பாதிக்கு மேல குறைஞ்சது. 2023ல மறுபடியும் அவங்களையே அமைச்சராக்கினாங்க. இத்தனைக்கும் முதல் படி அந்த நகராட்சி கவுன்சிலர் நாற்காலிதான்.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். 21 வயசு நிறைஞ்சா, வாக்காளர் பட்டியல்ல பேர் இருந்தா நிக்கலாம். நம்ம மாநிலத்துல உள்ளாட்சியில பாதி இடம் பெண்களுக்கு. கிராம ஊராட்சி வார்டுக்கும் தலைவர் பதவிக்கும் கட்சிச் சின்னமே கிடையாது. குடிதண்ணி, சின்னப் பாசனம், சமூகக் காடு வளர்ப்பு, சுகாதாரம் எல்லாம் ஊராட்சிக்குக் கொடுக்கலாம்னு அரசியல் சட்டமே பட்டியல் போட்டிருக்கு. குளத்தையும் மரத்தையும் பத்திக் கவலைப்படுற பொண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எது?

"அவளுக்கு அனுபவம் இல்லையே"ன்னு சொல்லுவாங்க. பத்து வருஷமா வரவு செலவு எழுதுறோம், தீர்மான நோட்டு எழுதுறோம், வங்கி மேனேஜர் முன்னால உட்கார்ந்து பேசுறோம். ஊக்குநரும் பிரதிநிதியும் செய்யுற வேலையை விட வார்டு மெம்பர் வேலை வேற என்ன?

ஆனா சில விஷயத்துல நாம கண்டிப்பா இருக்கணும். குழுவுல கடன் கொடுக்கிறதையும் ஓட்டையும் முடிச்சுப் போடக் கூடாது. யாருக்கு ஓட்டுங்கிறது அவங்கவங்க விருப்பம். ஜெயிச்ச பொண்ணோட நாற்காலியில அவ அப்பாவோ வீட்டுக்காரரோ உட்கார விடக் கூடாது. ஓட்டுப் போட்டதோட நம்ம வேலை முடிஞ்சுதுன்னு வீட்டுக்குப் போகக் கூடாது. குளத்துக்காகப் பேசினா குளத்துல லாபம் பார்க்கிறவங்க மிரட்டுவாங்க. அன்னைக்கு அவ தனியா நின்னா தாங்க மாட்டா. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராமசபைக்கு ஒவ்வொரு குழுவும் போகணும். குளத்துக்கு எவ்வளவு செலவு, குப்பை எங்க போகுதுன்னு கேட்கணும். தீர்மானத்துல எழுதின பிறகுதான் கையெழுத்துப் போடணும்.

அடுத்த குழுக் கூட்டத்துல சேமிப்பு, கடன் பேசி முடிச்சதும் ஒரு பத்து நிமிஷம் ஒதுக்குங்க. நம்ம வார்டுல அப்படி ஒரு பொண்ணு யாருன்னு பேசுங்க. பேரு கிடைச்சா, நாலு பேர் சேர்ந்து அவ வீட்டுக்குப் போய் அவகிட்டயும் அவ அம்மாகிட்டயும் பேசுங்க. நின்னு தோத்தாலும் கைவிடாதீங்க. மரீனாவும் முதல் தடவை தோத்தவங்கதான்.