டிவி ஆன் ஆகலையா? கடன் மனு எழுதுறதுக்கு முன்னாடி…

(ஐயப்பன்தாங்கல் உறுப்பினர் கூட்டத்தில் பேசியது)



சேமிப்பு பத்தியும் வங்கிக் கடன் பத்தியும் நிறைய பேர் நல்லா பேசிட்டாங்க. நான் பேசப்போறது டிவி பத்தி. சிரிக்காதீங்க. வீட்டு உபயோகப் பொருள்னு எழுதி நாம வாங்குற உள்கடன்ல டிவியும் இருக்கு. நானும் அப்படி வாங்கினவதான்.

சில வருஷம் முன்னாடி, ஒரு ஐப்பசி மழை. ராத்திரி கரண்ட் போய்ப் போய் வந்தது. காலையில எங்க வீட்டு டிவி ஆன் ஆகலை. சத்தம் மட்டும் வந்தது, படம் இல்லை. பார்க்க வந்தவர், “பேனல் போயிடுச்சும்மா, அதை மாத்துற காசுக்குப் புதுசே வாங்கிடலாம்” என்றார். நம்பிட்டேன். குழுவில் 20,000 ரூபாய் கடன் வாங்கி, பழசைக் காயலான் கடையில 400 ரூபாய்க்குப் போட்டேன்.

இரண்டு மாசம் கழிச்சு, பின் தெருவில் ஒரு வீட்டுக்குப் போனேன். அங்கே என் டிவி ஓடிக்கிட்டிருக்கு! மூலையில என் பையன் ஒட்டின ஸ்டிக்கர்கூட அப்படியே இருந்தது. “உள்ளே லைட் பட்டைதான் போயிருந்தது, மாத்திட்டோம்” என்றார்கள். நான் 20 மாசம் தவணை கட்டினேன். ஒவ்வொரு தவணைக்கும் அந்த ஸ்டிக்கர்தான் ஞாபகத்துக்கு வரும். அதுக்கப்புறம்தான் டிவி வேலை தெரிஞ்ச ஒரு தம்பிகிட்ட உட்கார்ந்து கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். அதைத்தான் இப்போ உங்களுக்குச் சொல்றேன்.

“டிவி ஆன் ஆகலை” என்று நாம ஒரே வார்த்தையில் சொல்றோம். அதுக்குள்ளே மூணு விதமான கோளாறு இருக்கு.

முதல் விதம், கீழே இருக்கிற சின்ன லைட்டே எரியலை. டிவிக்குக் கரண்ட் போகுதான்னு முதல்ல பாருங்க. அதே பிளக் பாயிண்டில் செல்போன் சார்ஜரைச் சொருகுங்க. போன் சார்ஜ் ஏறலைன்னா கோளாறு டிவியில் இல்லை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், ஸ்டெபிலைசர் இருந்தா அதை விட்டுட்டு நேரா சுவரில் போட்டுப் பாருங்க. சில டிவியில் ஒயர் பின்னாடி தனியா சொருகுற மாதிரி இருக்கும். சுவிட்சை அணைச்சிட்டு அதை நல்லா அழுத்தி விடுங்க. இதெல்லாம் செஞ்சும் லைட் வரலைன்னா உள்ளே பவர் போர்டைத்தான் பார்க்கணும். அதிலும் பல நேரம் ஃபியூஸ், கப்பாசிட்டர் மாதிரி சின்ன சாமான்தான் போயிருக்கும்.

இரண்டாவது விதம், லைட் எரியுது, ரிமோட்டை அழுத்தினா ஒண்ணும் நடக்கலை. புது பேட்டரி போடுங்க. செல்போனில் செல்ஃபி கேமராவைத் திறந்து, ரிமோட் முனையை அதுக்கு நேரா காட்டி பட்டனை அழுத்துங்க. கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் கேமராவில் மினுக்கும். உங்க போனில் அது தெரியுமான்னு, நல்லா வேலை செய்யுற வேற ரிமோட்டை வச்சு முதல்ல பார்த்துக்கோங்க. அப்புறம், டிவிக்கு அடியிலோ பின்னாலோ ஒரு பட்டன் இருக்கும், அதை அழுத்துங்க. அதுக்கும் அசையலைன்னா பிளக்கைப் பிடுங்கி, அந்தப் பட்டனை அரை நிமிஷம் அழுத்திப் பிடிச்சு, அஞ்சு நிமிஷம் விட்டுத் திரும்பப் போடுங்க. லைட் விட்டு விட்டு மின்னினா, எத்தனை தடவைன்னு எண்ணி வச்சுக்கோங்க. பல கம்பெனி டிவியில் அந்த எண்ணிக்கைதான் கோளாறு எதுன்னு சொல்லும்.

மூணாவது விதம்தான் என் டிவி. சத்தம் வருது, திரை கறுப்பு. எல்.ஈ.டி. டிவியில் முன்னாடி இருக்கிற பேனல் தானா வெளிச்சம் தராது. அதுக்குப் பின்னாடி இருக்கிற லைட் பட்டைதான் வெளிச்சம் தரும். அறையை இருட்டாக்கி, திரைக்குப் பக்கத்தில் டார்ச் அடிச்சுச் சாய்வா பாருங்க. ஆள் அசையுறது மங்கலா தெரிஞ்சா படம் வருதுன்னு அர்த்தம். பேனல் போகலை, லைட் பட்டையோ அதுக்குக் கரண்ட் கொடுக்கிற பாகமோதான் போயிருக்கு. பேனல் விலை வேற, லைட் பட்டை விலை வேற. இந்த ஒரு டார்ச் எனக்கு அன்னைக்குத் தெரிஞ்சிருந்தா 20 மாசத் தவணை மிச்சம்.

ஒண்ணு கண்டிப்பா சொல்றேன். பின்பக்க மூடியை மட்டும் நாம கழட்டக்கூடாது. வீட்டுக்கு வர்றது 230 வோல்ட். உள்ளே இருக்கிற கப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல நிக்கும், பிளக்கைப் பிடுங்கினாலும் கொஞ்ச நேரம் இருக்கும். 2006-ல் ஆரம்பிச்சு அரசு இலவசமா கொடுத்த கலர் டிவி குண்டா இருந்தது, பயந்தோம். இது தட்டையா இருக்குன்னு பயம் விட்டுடக்கூடாது.

மழைக்காலத்தில் இடி இடிச்சா பிளக்கையும் கேபிள் ஒயரையும் முன்கூட்டியே பிடுங்கிடுங்க. கரண்ட் போனா சுவிட்சை அணைச்சிடுங்க, வந்து அஞ்சு நிமிஷம் கழிச்சுப் போடுங்க. 2015 டிசம்பர் வெள்ளம் யாருக்கும் மறந்திருக்காது. தண்ணி பட்ட டிவியை ‘ஓடுதா பார்ப்போம்’னு போட்டுப் பார்க்கவே கூடாது. வேலை தெரிஞ்சவர் திறந்து, காய வச்சு, சோதிச்ச பிறகுதான் போடணும்.

பழுது பார்க்க ஆள் வந்தா, எந்த பாகம் போயிருக்கு, என்ன ஆகும்னு முன்னாடியே கேளுங்க. மாத்தின பழைய பாகத்தைக் கையில வாங்குங்க. பில் கேளுங்க. வாரண்டி இருந்தா வெளி ஆளைத் திறக்க விடாதீங்க, கம்பெனிக்கே சொல்லுங்க. நியாயம் கிடைக்கலைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

டிவிக்குக் கடன் கொடுக்காதீங்கன்னு நான் சொல்ல வரலை. நாள் பூரா உழைச்சிட்டு வர்றவளுக்கு அரை மணி நேரம் டிவி பார்க்க உரிமை இருக்கு. ஆனா குழுவில் அப்படி ஒரு மனு வந்தா மூணு கேள்வி கேட்போம்: லைட் எரியுதா? சத்தம் வருதா? டார்ச் அடிச்சுப் பார்த்தியா? பதிலை நோட்டில் எழுதிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுவோம். அந்தக் கடன் பள்ளிக்கூட ஃபீஸுக்கோ தையல் மெஷினுக்கோ ஒருத்திக்குப் பயன்படட்டும்.