கருவூலப் பேரேட்டில் ஒரு சிப்பாய்



படைவீரன் ஒருவனின் வாழ்வைத் தேடப் புகுவோர் பெரும்பாலும் போர் வரலாறுகளில் தொடங்குகின்றனர் என்பதும், அவற்றில் தளபதிகளின் பெயர்களும் மாண்டவர்களின் தொகையும் மட்டுமே கிடைப்பது கண்டு பாதி வழியில் சோர்ந்துவிடுகின்றனர் என்பதும் இத்துறையில் உழைப்போர் அறிந்தவையே. 1741-இல் குளச்சலில் சிறைப்பட்டுப் பின்னர் திருவிதாங்கூர்ப் படையைப் பயிற்றிய டி லனாய் 1777-இல் இறந்தபோது, உதயகிரிக் கோட்டைக்குள் அவருக்குக் கல்லறை எழுப்பப்பட்டு, அதில் லத்தீனிலும் தமிழிலும் எழுத்துப் பொறிக்கப்பட்டது. அவரிடம் துப்பாக்கி பிடிக்கக் கற்ற காலாட்களுக்கு அத்தகைய கல் இல்லை. அவர்களுக்கும் அவர்களுக்குப் பின்வந்த தலைமுறைகளுக்கும் பெயரும் ஊரும் வைத்திருப்பது, பணம் கொடுத்த கணக்கே. ஆகவே சாதாரணச் சிப்பாயின் வரலாற்றைப் போர்க்களத்திலிருந்து எழுதத் தொடங்காமல் கருவூலத்திலிருந்து எழுதத் தொடங்க வேண்டும் என்பதே இத்தலைமையுரை முன்வைக்கும் கருத்தாகும்.

ஓய்வூதியப் பேரேடு என்பது, படையிலிருந்து விலகிய ஒருவனுக்கு அரசு எவ்வளவு, எங்கே, எந்நாள் முதல் கொடுக்கக் கடமைப்பட்டது என்பதைக் குறிக்கும் கணக்கேடு. அதனோடு சேர்ந்து வருவது அங்க அடையாளப் பட்டியல். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவன் தொலைதூர ஊரில் பணம் வாங்க வரும்போது, அவன்தான் உரியவன் என்று எழுத்தர் உறுதி செய்ய வேண்டியிருந்ததால், தந்தை பெயர், சாதி, ஊர், வயது, உயரம், உடலில் உள்ள தழும்பு அல்லது மச்சம், பணிபுரிந்த படைப்பிரிவு, பணிக்காலம், விலகிய காரணம் ஆகியவை ஒரே தாளில் எழுதப்பட்டன. ஆள்மாறாட்டத்தைத் தடுக்க எழுதப்பட்ட அத்தாளே, புகைப்படம் இல்லாத காலத்து மனிதனின் உருவத்தை இன்றைய பெயரனுக்குக் காட்டுகிறது. இடது புருவத்தின் மேல் ஒரு வெட்டுத் தழும்பு என்ற ஒரு வரி போதும். பெயர் மட்டுமே தெரிந்திருந்த கொள்ளுத் தாத்தாவுக்கு ஒரு முகம் வந்துவிடுகிறது. அந்த முகத்தை எழுதியவர் அவனை ஒருமுறை மட்டுமே பார்த்திருக்கக்கூடிய எழுத்தர் என்பதும், வயது என்ற கட்டத்தில் பெரும்பாலும் மதிப்பீடே இருக்கும் என்பதும் மறக்கத்தக்கவை அல்ல.

தேடலின் முதற்கேள்வி அவன் எங்கே போரிட்டான் என்பதன்று. யாருடைய சம்பளத்தை வாங்கினான் என்பதே. திருவனந்தபுரத்துக்குத் தெற்கே பிறந்த ஒருவன் திருவிதாங்கூர் மன்னரின் படையிலும் இருந்திருக்கலாம், கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையிலும் இருந்திருக்கலாம். முன்னவனின் தாள்களைத் திருவனந்தபுரம் கோட்டைப் பகுதியின் ஆவணக்காப்பகத்திலும், பின்னவனின் தாள்களைச் சென்னை எழும்பூரிலும் தேட வேண்டும். திருவிதாங்கூர்ப் படையின் வரலாறே பணத்தைச் சுற்றியே திரும்பியது. படிகளைக் குறைக்கும் முயற்சியை எதிர்த்து 1804-இல் நாயர் படையினர் கிளர்ந்தனர். அதைத் தொடர்ந்த 1805-ஆம் ஆண்டு உடன்படிக்கை, கம்பெனியின் துணைப்படைக்காக ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய் செலுத்தும் சுமையைச் சமஸ்தானத்தின் மேல் வைத்தது. வேலுத்தம்பி தளவாயின் எழுச்சி 1809-இல் ஒடுக்கப்பட்டதும் படையின் பெரும்பகுதி கலைக்கப்பட்டது. ராணி கௌரி பார்வதி பாயின் ஆட்சியில் 1817-இல் அது மீண்டும் உருப்பெற்று, 1830-இல் நாயர் பிரிகேடு எனப் பெயர் பெற்றது. இந்தியா விடுதலை பெற்றபின் 1954-இல் அதன் வழிவந்த பிரிவுகள் மெட்ராஸ் ரெஜிமெண்டின் 9-ஆம், 16-ஆம் பட்டாலியன்களாயின. கலைப்பும் சேர்ப்பும் நிகழ்ந்த ஒவ்வோர் ஆண்டிலும் ஏடுகள் கைமாறின. ஒரு குடும்பத்தின் தேடல் திடீரென அறுந்துபோகும் இடங்கள் பலவற்றுக்கு இந்த ஆண்டுகளே விளக்கம் தருகின்றன.

சமஸ்தான ஏட்டைக் கையில் எடுத்தவர் அடுத்துச் சந்திப்பது காலக்கணக்கு. அத்தகைய ஏடுகளில் ஆண்டு கொல்லம் ஆண்டாக இருக்கும், அது கி.பி. 825-இல் தொடங்குவது, தென்பகுதியில் சிங்க மாதத்தில், அதாவது ஆவணியில் ஆண்டு பிறப்பது. ஆகவே 1012 சிங்கம் என்று எழுதியிருந்தால் அது 1836 ஆகஸ்டு. 1012 மேடம் என்று எழுதியிருந்தால் அது 1837-இன் சித்திரை. முன்னதற்கு 824-ஐயும் பின்னதற்கு 825-ஐயும் கூட்ட வேண்டும் என்பதை மறந்தால் ஒருவனின் பணிக்காலத்தில் ஓராண்டு கூடும் அல்லது குறையும். ஓராண்டு குறைந்த கணக்கால் அவன் தகுதியே இல்லாமல் ஓய்வூதியம் பெற்றவனாகத் தோன்றுவதும் உண்டு. பணமும் அவ்வாறே. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 28 சக்கரம் ஒரு சர்க்கார் ரூபாய். ஆனால் பிரிட்டிஷ் ரூபாய்க்கோ 28½ சக்கரம். ஏழு ரூபாய் என்று மட்டும் எழுதிய ஒரு வரியை 196 சக்கரமாகக் கொள்வதா, 199½ சக்கரமாகக் கொள்வதா என்பது, அந்த ஏடு எந்த அரசின் ஏடு என்பதைத் தெரிந்தாலன்றித் தீராது.

இவற்றினும் ஆழமான இடர் ஒன்று உண்டு. இந்த வட்டாரத்துக்கே உரிய அதனைச் சற்று விரிவாகச் சொல்வது தகும். தந்தை பெயரைப் பற்றிக்கொண்டு மேலே ஏறுவதே வம்ச ஆய்வின் பொதுவழி. மருமக்கள்வழி நிலவிய குடும்பங்களில், அதாவது சொத்து ஒருவனின் பிள்ளைகளுக்குச் செல்லாமல் அவன் சகோதரியின் பிள்ளைகளுக்குச் செல்லும் குடும்பங்களில், அந்த வழி ஒரு தலைமுறையிலேயே அடைபடும். இது நாயர்களோடு நின்றதன்று. நாஞ்சில் நாட்டுத் தமிழ் வேளாளரிடையேயும் இம்முறை இருந்ததையும், அதனால் மனைவி மக்கள் பட்ட பாட்டையும் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' தமிழுலகுக்குச் சொன்னது; கொல்லம் 1101-இல் வந்த சட்டமே அதற்கு முடிவு கட்டத் தொடங்கியது. அக்குடும்பங்களின் சிப்பாய் ஒருவனைத் தேடுவோர் வீட்டுப்பெயரையும் தாய்மாமனையும் முன்வைத்தே ஏட்டைப் புரட்ட வேண்டும். இறந்தவனின் நிலுவைப் பணத்தைக் கேட்டு மருமகனும் மனைவியும் வெவ்வேறு மனுக்கள் எழுதியிருப்பின், அந்த வழக்குக் கட்டு ஆய்வாளனுக்குப் புதையலாகும். ஒவ்வொரு தரப்பும் தன் உறவை மெய்ப்பிக்க முழுக் குடும்பத்தையும் பெயர் சொல்லி வரிசைப்படுத்த வேண்டியிருக்கும் அல்லவா?

உறவை மெய்ப்பிக்கும் கட்டாயம் எத்தகைய செல்வத்தை விட்டுச்செல்லும் என்பதற்கு அமெரிக்கா சான்று. அங்கே 1832-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, விடுதலைப்போரில் பணியாற்றிய முதியவர்கள் ஆவணம் இல்லாதபோது நீதிமன்றத்தில் நின்று தம் போர் நினைவுகளை வாய்மொழியாகச் சொன்னார்கள், எழுத்தர் எழுதிக்கொண்டார். பின்வந்த சட்டங்களின் கீழ் விண்ணப்பித்த கைம்பெண்கள், திருமண நாளைக் காட்டுவதற்காகக் குடும்ப விவிலியத்தின் ஏடுகளைக் கிழித்து அனுப்பினார்கள். லண்டன் கியூவில் உள்ள ஆவணக்காப்பகத்தில் 1760 முதல் 1913 வரை பிரிட்டிஷ் படையிலிருந்து விலகியோரின் தாள்கள் ஆளுக்கொரு கட்டாக உள்ளன. இந்தியச் சிப்பாய்க்கு அப்படி ஒரு தனிக்கட்டு அரிது. அவன் தாள்கள் படைப்பிரிவோடு இருந்தன. ஓய்வூதியம் நின்றபின் குறித்த காலம் கழித்துப் பழைய தாள்களைக் கழிப்பது அலுவலக வழக்கமும்கூட. இந்த இழப்பு வேதனைக்குரியது. இனியும் நேராமல் தடுக்க வேண்டியது. மாவட்டக் கருவூலங்களில் எஞ்சியிருக்கும் பழைய பேரேடுகள் கழிவுத்தாளாக எடைக்குப் போகுமுன் படம்பிடிக்கப்பட வேண்டும் என்ற வேண்டுகோளை இவ்வரங்கம் எழுத்து வடிவில் முன்வைப்பது பொருத்தமாகும்.

ஏட்டில் இல்லாதது வீட்டில் இருக்கக்கூடும். முதல் உலகப்போரில் பணியாற்றியோர்க்கு அளிக்கப்பட்ட பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் வெள்ளியால் ஆனது. தொழிலாளர் படையினர்க்கு வெண்கலத்தில் வழங்கப்பட்டது. அதன் முகப்பில் அரசரின் தலை இருக்கும். ஆய்வாளனுக்கு வேண்டியது முகப்பன்று, விளிம்பு. எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை அந்த மெல்லிய விளிம்பில் பொறிக்கப்பட்டிருக்கும், அந்த எண்ணே ஏட்டின் பக்கத்துக்கு இட்டுச்செல்லும். வெண்கலமாயின் அவன் ஏந்தியது துப்பாக்கியன்று, மண்வெட்டியாக இருந்திருக்கலாம் என்ற செய்தியும் அந்த உலோகத்திலேயே அடங்கியிருக்கிறது. ஆயுதபூசைக்கு ஆயுதபூசை புளிபோட்டுத் துலக்கப்படும் பதக்கங்களில் அந்த எழுத்துகளே முதலில் தேய்கின்றன. அமர்வுகள் முடிந்து இன்று மாலை திருவனந்தபுரம் தம்பானூரிலிருந்து நாகர்கோவிலுக்கும் திருநெல்வேலிக்கும் ரயிலேறும் இளம் ஆய்வாளர்கள், கள ஆய்வுக்குச் செல்லும் வீடுகளில் முதலில் கேட்க வேண்டியது அந்தப் பதக்கத்தைத்தான். துலக்க வேண்டாம் என்று சொல்லி, வெயிலில் சாய்த்துப் பிடித்து, விளிம்பைச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்துக்கொள்ள வேண்டும்.