குலப்பெயரால் கூடிய ஊர்
(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தைவானின் வடக்கே கீலுங் என்று ஒரு துறைமுக நகரம். அங்கே நடக்கும் ஒரு விழாவைப் பற்றிச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன்.

சீனாவின் ஃபூஜியான் மாகாணத்திலிருந்து பலர் கடல் கடந்து தைவானில் குடியேறினார்கள். அவர்களில் பெரும்பாலோர் சாங்சோ, சுவென்சோ என்ற இரண்டு பகுதிக்காரர்கள். பேச்சு ஏறக்குறைய ஒன்றுதான். ஆனாலும் நிலத்துக்கும் தண்ணீருக்கும் பிழைப்புக்கும் ஓயாத சண்டை. 1850-களின் தொடக்கத்தில் கீலுங்கில் அது பெரிய கலவரமாக வெடித்தது. நூற்றெட்டுப் பேர் இறந்ததாகச் சொல்வார்கள். யார் எந்தப் பக்கம் என்று பார்க்காமல் எல்லோரையும் ஒன்றாகவே அடக்கம் செய்தார்கள். அவர்களுக்காக எழுந்ததுதான் இன்றும் அங்கே உள்ள 'லாவ் தா கோங்' கோயில்.

அதன்பின் ஊர்ப் பெரியவர்கள் ஒரு வழி கண்டார்கள். ஆண்டுதோறும் சந்திரக் கணக்கின் ஏழாம் மாதத்தில், ஆதரவற்ற ஆவிகளுக்குப் படையல் போடுவது அங்கே வழக்கம். அந்த விழாவை இனி ஊர்க் கணக்கில் நடத்த வேண்டாம், குலப்பெயர்க் கணக்கில் நடத்தலாம் என்றார்கள். சென், லின், வூ போன்ற குலப்பெயர்கள் இரண்டு பகுதியிலும் உண்டு. ஒரே குலப்பெயர் என்றால் ஒரே மூதாதை என்பது அவர்கள் நம்பிக்கை. நேற்று எதிரே நின்றவன், இன்று பந்தல் போடும்போது பங்காளி ஆகிவிட்டான்!

1855-இல் சாங், லியாவ், ஜியேன் என்ற மூன்று பெயர்க்காரர்கள் சேர்ந்த குழு முதல் முறை எடுத்தது. மொத்தம் பதினொரு குழுக்கள். ஆண்டுக்கு ஒரு குழு. பிறகு வேறு சில குலப்பெயர்களும் சேர்ந்துகொண்டன. முறை இன்றும் நடக்கிறது.

மாதம் பிறந்ததும் அந்தக் கோயிலின் கதவைத் திறப்பார்கள். இறந்தவர்களைப் பேய் என்று சொல்வதில்லை. 'நல்ல சகோதரர்கள்' என்பார்கள். பதினான்காம் நாள் இரவு ஊர்வலம். ஒவ்வொரு குலமும் தன் பெயர் எழுதிய, வீடு போன்ற காகித விளக்கைக் கொண்டுவரும். பிறகு கடலில் இறக்கித் தீ மூட்டுவார்கள். நீரில் இருக்கும் ஆவிகளுக்கு அதுதான் அழைப்பு. எந்தக் குலத்தின் விளக்கு அதிக தூரம் போகிறதோ, அந்தக் குலத்துக்கு அந்த ஆண்டு நல்ல காலம். மறுநாள் பெரும் படையல். எட்டாம் மாதம் பிறந்ததும் கதவை மூடிவிடுவார்கள்.

கவனித்தீர்களா? போட்டி இன்னும் இருக்கிறது. மண்டையை உடைப்பதற்குப் பதில், யார் ஊர்வலம் சிறப்பு, யார் விளக்கு தூரம் போகும் என்று மாறிவிட்டது. சண்டை போடாதீர்கள் என்று புத்தி சொன்னதோடு அந்தப் பெரியவர்கள் நிற்கவில்லை. ஆட்களைப் பிரிக்கும் கோட்டையே மாற்றிப் போட்டார்கள்.

நம் வளாகத்திலும் 'ஏ பிளாக்', 'பி பிளாக்' என்றுதான் எதையும் பேசுகிறோம். தண்ணீர் லாரி, கார் நிறுத்துமிடம், விழா நன்கொடை என எல்லாவற்றிலும் அதே கோடு. அடுத்த ஆண்டு விழாக் குழுவை பிளாக் வாரியாகப் போடாமல், பிறந்த மாத வாரியாகப் போட்டால் என்ன? தையில் பிறந்தவர்கள் எல்லா மாடியிலும் இருக்கிறார்களே! பொதுக்குழுவில் இதைப் பேசி முடிவெடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.