பானையும் துடைப்பமும்: சவி சாவர்கரின் ஓவியங்களை ஓசூரில் வைத்துப் பார்த்தல்

(ஓசூரில் இளைஞர்கள் கூடிய ஒரு சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஓவியர் சவி சாவர்கரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பெயரைக் கேட்டுத் திடுக்கிட வேண்டாம். இவர் 1961இல் நாக்பூரில் தலித் குடும்பத்தில் பிறந்தவர், அம்பேத்கரியர்.

அவருடைய ஓவியங்களில் ஓர் உருவம் திரும்பத் திரும்ப வரும். தடித்த கோடுகளில் ஒரு மனிதர், கூடவே பானையும் துடைப்பமும். பேஷ்வாக்கள் ஆண்ட புனேவில், எச்சில் தரையில் விழாமலிருக்கக் கழுத்தில் பானையும், காலடித் தடத்தை அழிக்க இடுப்பில் துடைப்பமும் தீண்டப்படாதார் கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

தொழிலாளி தான் செய்த பொருளுக்கே அந்நியமாகிறார் என்றார் மார்க்ஸ். சவி வரைந்த மனிதருக்கோ தன் எச்சிலும் காலடியும்கூடச் சொந்தமில்லை. தீட்டு என்பது ஒரே நாளில் முடிகிற சடங்கும் அல்ல. தினமும் யாராவது செய்தால்தான் அது நிற்கும்.

பேஷ்வா ஆட்சி 1818இல் முடிந்துவிட்டதே, இன்னும் ஏன் அதே பானை, அதே துடைப்பம் என்று நானும் கேட்டிருக்கிறேன். பதில் என் சித்தியிடம் கிடைத்தது. இங்கே ஒரு தொழிற்சாலையில் அவர் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி. ஆயுத பூசையன்று எல்லா மெஷினுக்கும் சந்தனம், குங்குமம், மாலை. அவருடைய துடைப்பத்துக்கும் பொட்டு வைத்தார்கள். அவரை மட்டும் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்கள். பொரிப் பொட்டலம் கடைசியாக வந்தது. உடைத்த பூசணிக்காயைக் கூட்டி அள்ளியதும் அவர்தான்.

"ஷிஃப்ட் மாறுது, சூப்பர்வைசர் மாறுறான், ஒப்பந்தக்காரனும் மாறுறான். என் வேலை மட்டும் மாறல" என்றார்.

லைனில் நின்று நாள் முழுக்க ஒரே ஸ்குரூவை முடுக்குகிற தோழருக்கும் சலிப்பு உண்டு, சுரண்டல் உண்டு. ஆனால் அந்த வேலை அவருடைய தெருவைப் பார்த்துக் கொடுக்கப்பட்டதல்ல. சாதி வேலையை மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களையே பிரித்துப் படிக்கட்டில் நிறுத்துகிறது என்று அம்பேத்கர் சொன்னது சிப்காட் கேட்டுக்கு உள்ளேயும் பொருந்துகிறது.

நாளை வேலைக்குப் போனதும் ஒன்று செய்யுங்கள். உங்கள் கம்பெனியில் கழிவறை கழுவுகிறவர்கள் எந்தத் தெருக்களிலிருந்து வருகிறார்கள், எத்தனை வருடமாக அதே வேலையில் இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். அதைச் சங்கக் கூட்டத்தில் பேசுங்கள். அவர்களையும் சங்கத்தில் சேருங்கள்.

சவி ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப வரைவதாக யாராவது குறை சொன்னால், நாம் ஒரே கொடுமையைத் திரும்பத் திரும்பச் செய்கிறோம் என்று சொல்லுங்கள்.